சாம்பு: ஓர் ஏவல் வினையின் வரலாறு

1

'ஷாம்பு' என்கிற சொல் இன்று பெட்டிக்கடைச் சொல். பாக்கெட் பாக்கெட்டாகச் சரத்தில் தொங்குகிறது. தலைக்குத் தேய்க்கிற நுரை என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருள் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்குள் போனபோது அதற்கும் தலைமுடிக்கும் சம்பந்தம் கிடையாது. உடம்பைப் பிடித்துவிடுவது, அமுக்குவது, பிசைவது, நெட்டி முறிப்பது என்பதே பொருள். இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குதல். 'சாம்போ' அதன் ஏவல் வடிவம். முடி கழுவுதல் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்து ஒட்டிக்கொண்டது.

அகராதிக்காரர்கள் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு உறுத்தல் ஆரம்பிப்பதே இங்கேதான். ஒரு மொழி இன்னொரு மொழியின் வினையைக் கடன் வாங்கும்போது, பெரும்பாலும் காதில் திரும்பத்திரும்ப விழுந்த வடிவத்தையே வாங்குகிறது. கும்பனி உத்தியோகஸ்தனின் காதில் விழுந்த வடிவமும், பிறகு அவன் வாயிலிருந்து வந்த வடிவமும் ஏவல்தான். படுத்துக்கிடப்பவன் நிற்பவனைப் பார்த்துச் சொல்கிற சொல் அது. நம் மொழியில் 'ஏவல்' என்பது வினைவடிவத்துக்கும் பெயர், ஊழியத்துக்கும் பெயர். ஏவல் வினைமுற்று, ஏவலாள் இரண்டும் ஒரே வேரில் நிற்கின்றன. ஆக, ஆங்கிலம் கடன் வாங்கியது ஒரு சிகிச்சையின் பெயரை மட்டுமில்லை, ஒரு எசமான்–ஊழியன் உறவையும் சேர்த்தே வாங்கியது என்று நான் வாசிக்கிறேன்.

குளியல், மசாஜ், நீராவி, 'ஸ்பா' என்று இன்று வரிசைகட்டி நிற்கும் இன்பங்களின் வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதெல்லாம் படுத்துக்கிடப்பவனின் வரலாறு. தண்ணீரின் குணம், கட்டடத்தின் அழகு, வந்துபோன பிரபுக்கள். 'ஸ்பா' என்பதே பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஓர் ஊரின் பெயர். அந்த ஊரையும் சேர்த்து 11 ஐரோப்பிய ஊற்றுநீர் நகரங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஊருக்கு வரலாறு உண்டு, தண்ணீருக்கு வரலாறு உண்டு. தேய்த்துவிட்ட கைக்கு?

2

ரோமாபுரியிலிருந்து தொடங்கலாம். காரகல்லாவின் குளியல் மாளிகை கி.பி. 216-இல் திறக்கப்பட்டது. வெந்நீர் அறை, மிதச்சூட்டு அறை, குளிர்நீர்க் குளம், உடற்பயிற்சி முற்றம் என்று ஒரு சிறு நகரமே உள்ளே இருந்தது. எண்ணெய் பூசி, வளைந்த உலோகக் கருவியால் அழுக்கை வழித்தெடுப்பார்கள். வழித்தெடுத்தவர்கள் அடிமைகள். குளியலறைக்கு மேல் குடியிருந்த செனெகா தன் கடிதம் ஒன்றில் கீழேயிருந்து வரும் இரைச்சலைப் பற்றிப் புலம்புகிறார். தோளில் அடித்துப் பிடித்துவிடுகிறவனின் கை தட்டையாக விழுகிறதா, குவிந்து விழுகிறதா என்பது சத்தத்தைக் கேட்டே தெரிகிறதாம். தத்துவவாதிக்குக் கை கேட்கிறது. கைக்கு உரியவன் யாரென்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்னொரு கதை, ஹாட்ரியன் பேரரசனைப் பற்றி. பொதுக் குளியலறையில் தனக்குத் தெரிந்த பழைய படைவீரன் ஒருவன் முதுகைச் சுவரில் உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்கிறான். தேய்த்துவிட அடிமை இல்லை என்கிறான் கிழவன். அரசன் அடிமைகளையும் அவர்களைப் பராமரிக்கப் பணத்தையும் கொடுக்கிறான். இன்னொரு நாள் பார்த்தால் ஏகப்பட்ட கிழவர்கள் சுவரில் முதுகை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். அரசன் சொல்கிறான்: ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இதை அரசனின் சாதுரியத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு வேறொன்று தெரிகிறது. தேய்க்கும் கை ஒரு சொத்தாக, பரிசாகக் கொடுக்கத்தக்க பண்டமாக இருந்த சமூகத்தில், 'ஒருவருக்கொருவர்' என்பது நகைச்சுவையாக மட்டுமே ஒலிக்க முடியும்.

இந்தக் கை பிறகு ஐரோப்பாவில் இரண்டாகப் பிளக்கிறது. ஆங்கிலத்தில் அறுவைமருத்துவரைக் குறிக்கும் 'சர்ஜன்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நேர்ப்பொருள் 'கைவேலை செய்பவன்'. லண்டனில் நாவிதர்களும் அறுவைமருத்துவர்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். 1745-இல் பிரிந்தார்கள். ஒரு கை படிப்பாளியின் கையாகி மேலே போயிற்று, இன்னொரு கை கத்தரியோடு கீழே நின்றது.

நம் பக்கம் இந்தப் பிளவு சாதியாகவே இறுகிக் கிடக்கிறது. மருத்துவர், பரியாரி என்று நாவிதரை அழைத்த ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பிரசவம் பார்த்த மருத்துவச்சி அந்த வீட்டுப் பெண்தான். கட்டி கீறியதும், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்ததும் அவர்கள் கை. ஆனால் முடிவெட்டிக்கொண்டு வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. தொடுகை வேண்டும், தொட்டதன் தடம் வேண்டாம். அந்தக் கையையே தலித்துகளைத் தொடாதே என்று தடுத்ததும் இதே ஒழுங்குதான். முடிதிருத்தகங்களில் அந்த மறுப்பு இன்றும் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. குளியல் இங்கே சுகம் மட்டுமில்லை, ஒரு அழிப்பானும்கூட.

3

இந்தப் பின்னணியில் சேக் தீன் முகமதுவின் வாழ்க்கையை வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1759-இல் பாட்னாவில் பிறந்தவர். தகப்பனார் கும்பனியின் வங்காளப் படையில் இருந்தவர். சிறுவயதிலேயே காட்ஃப்ரி பேக்கர் என்கிற அயர்லாந்துக்கார அதிகாரியோடு ஒட்டிக்கொண்டு படையில் வளர்ந்தார். பேக்கர் ஊர் திரும்பியபோது கூடவே கப்பலேறி 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போனார். ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணை மணந்தார். 1794-இல் தன் பயணங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது.

பிறகு லண்டன். அங்கே பேசில் காக்ரேன் என்கிற பிரபுவின் நீராவிக் குளியல் நிலையத்தில் வேலை பார்த்தார். காக்ரேனின் பணம் எங்கிருந்து வந்தது? நம்ம சென்னையிலிருந்துதான். இங்கே கும்பனி உத்தியோகம் பார்த்து, கடற்படைக்கு உணவுப்பொருள் சப்ளை செய்யும் ஒப்பந்தம் எடுத்துச் சேர்த்த பணம். ஆக லண்டன் சீமான்கள் வியர்வை சிந்திய அந்த நீராவியில் சோழமண்டலக் கரையின் உப்பும் கொஞ்சம் கலந்திருந்தது. 1810-இல் முகமது சொந்தமாக 'இந்துஸ்தானி காபி ஹவுஸ்' திறந்தார். ஹூக்கா, மூங்கில் நாற்காலி, மசாலாச் சாப்பாடு. 1812-இல் திவால். வயது 53. மறுபடி வேலைக்காரனாகப் போகவேண்டிய நிலை.

1814-இல் பிரைட்டன் கடற்கரை நகரத்துக்குப் போகிறார். அங்கேதான் 'சாம்போ' தொழிலாகிறது. 1821-இல் கடலைப் பார்த்தபடி 'முகமதுவின் குளியலகம்' எழுந்தது. நோய் தீர்ந்தவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் முன்கூடத்தில் மாட்டப்பட்டிருந்தன. பெண்கள் பகுதியை ஜேன் பார்த்துக்கொண்டார். நான்காம் ஜார்ஜுக்கும் பின்னர் நான்காம் வில்லியமுக்கும் 'சாம்பூயிங் சர்ஜன்' என்று நியமனம் கிடைத்தது. ஏவல் வினை ஒரு பதவிப் பெயராக மாறிவிட்டது.

4

அந்தச் சிகிச்சை எப்படி நடந்தது என்பதில்தான் என் அக்கறை. மூலிகை கலந்த நீராவியில் ஆளை உட்காரவைப்பார்கள். வியர்த்து வழியத் தொடங்கியதும் கம்பளித்துணிக் கூடாரம் ஒன்றுக்குள் இருத்துவார்கள். கூடாரத்தின் சுவரில் சட்டைக்கு இருப்பதுபோல் கைகள் தைக்கப்பட்டிருக்கும். தேய்ப்பவர் வெளியே நின்றுகொண்டு அவற்றுக்குள் தன் கைகளை விட்டு உள்ளே இருக்கிற உடம்பைப் பிடித்துவிடுவார்.

ஆவி வெளியே போகாமலிருக்க இந்த ஏற்பாடு என்று சொல்லலாம். சரிதான். ஆனால் விளைவைப் பாருங்கள். உள்ளே இருப்பவருக்குத் தேய்ப்பவரின் முகம் இல்லை, உடம்பு இல்லை. இரண்டு கைகள் மட்டும். வெள்ளை உடம்பும் பழுப்பு உடம்பும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று நெருங்கலாம் என்பதற்கு ஒரு துணி எல்லை போட்டது. நம்மூரில் தொடுகைக்குப் பிறகு வருகிற குளியல் செய்யும் வேலையை, அங்கே கூடாரம் தொடுகை நடக்கும்போதே செய்துவிடுகிறது.

இந்தத் துணியைத் தாண்டி வெளியே வர முகமது என்ன செய்தார்? ஒரு பிரதி எழுதினார். 1822-இல் சாம்பூயிங்கின் நன்மைகள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. அதில் தான் பிறந்த ஆண்டு 1749 என்கிறார். படையில் சேருமுன்பே மருத்துவத் தொழிலுக்குப் பயிற்சி பெற்றதாகவும் சொல்கிறார். 1794-இல் எழுதிய புத்தகத்தின் கணக்குப்படி அவர் சிறுவனாகவே படையோடு சேர்ந்துவிட்டவர். மருத்துவம் படிக்க அந்த வாழ்க்கையில் இடமே இல்லை. ஆகவே தன் பிறப்பைப் பத்து வருஷம் பின்னால் தள்ளி, இல்லாத பத்து வருஷத்தை உண்டாக்கி, அதற்குள் ஒரு படிப்பை வைத்தார்.

'புளுகு' என்று இதைத் தள்ளிவிடலாம். தள்ளக்கூடாது என்கிறேன். ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்துபோனவர்களின் சாட்சியம் அவருக்குப் போதவில்லை. கைக்குத் தெரிந்த அறிவை, தலை கற்ற அறிவாக மாற்றிக் காட்டினால்தான் அதற்கு மரியாதை. 1745-இல் விழுந்த பிளவு அவர் முன்னால் சுவராக நின்றது. பத்து வருஷப் பொய், அந்தச் சுவருக்கு அவர் சாத்திய ஏணி. நமக்கு அறிமுகமான ஃபூக்கோ அறிவும் அதிகாரமும் பிணைந்துகிடப்பதைப் பற்றிப் பேசினார். அந்தப் பிணைப்புக்குள் நுழைய ஒரு தொழிலாளி என்ன விலை கொடுத்தான் என்பதற்கு இந்தப் பத்து வருஷம் சாட்சி. கீழைத்தேயத்தை மேற்கு புனைந்தது என்று செய்த் சொன்னது உண்மை. அந்தப் புனைவைக் கீழைத்தேயத்தான் ஒருத்தனே எடுத்து மூலிகைப் பொட்டலத்தோடு சேர்த்து விற்றுப் பிழைத்ததும் உண்மை.

முதுமையில் குளியலகக் கட்டடம் ஏலத்துக்கு வந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. 1851-இல் இறந்தார். பேரன் ஃபிரடெரிக் அக்பர் முகமது லண்டன் கைஸ் மருத்துவமனையில் நிஜமாகவே மருத்துவரானார். நாடித்துடிப்பைப் பதியும் கருவியைச் செம்மைப்படுத்தி, இரத்தக் கொதிப்பு பற்றி முன்னோடியான ஆய்வுகள் செய்தார். தாத்தாவின் கை உடம்பை அமுக்கியது. பேரன் உடம்பைக் கருவியால் அளந்தார். மூன்றாவது தலைமுறையில்தான் அந்தக் குடும்பம் சுவரைத் தாண்டியது.

5

சமீபத்தில் நண்பர் ஒருவர் தன் செலவில் என்னை ஒரு நாள் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் ஸ்பாவுக்கு அழைத்துப் போனார். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாத இடம். சுகமாக இருந்ததா என்றால், இருந்தது. வருஷக்கணக்கில் மேசைமேல் குனிந்து புரூப் பார்த்த முதுகுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். உடம்பின் இன்பத்தைச் சந்தேகிக்கிற தூய்மைவாதம் என்னிடம் இல்லை.

மசாஜ் மேசையில் தலைமாட்டில் ஒரு துளை. முகத்தை அதில் பொருத்திக் குப்புறப் படுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது தரையும், அங்குமிங்கும் நகர்கிற இரண்டு பாதங்களும்தான். பிரைட்டன் கூடாரத்தில் கைகள் மட்டும், இங்கே பாதங்கள் மட்டும். இருநூறு வருஷத்தில் தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, முகம் இன்னும் வரவில்லை.

"பிரஷர் போதுமா சார்?"

"கொஞ்சம் அழுத்துங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. 'சாம்போ' என்பதன் தமிழாக்கம் அது. 'ங்க' சேர்த்து மரியாதையாகச் சொல்கிறோம், ஆனாலும் ஏவல் ஏவல்தான்.

முடிந்தபின் பேச்சுக்கொடுத்தேன். சட்டையில் குத்தியிருந்த பெயர் வேறு, ஊரில் அவர் பெயர் வேறாம். கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று நிர்வாகம் வைத்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். கட்டைவிரல் மூட்டுதான் முதலில் போகும் என்றார்.

"உங்க கைக்கு யாரு பிடிச்சுவிடுறது?"

"ராத்திரி சுடுதண்ணியில வச்சுக்குவேன் சார்."

6

'அப்போ ஸ்பாவுக்குப் போகவே கூடாதுங்கறியா?' என்று நண்பர் கேட்டார். இல்லை. ஓய்வு ஆடம்பரமில்லை, உரிமை. ஆனால் உரிமை என்று சொல்லிவிட்டால் அது கட்டைவிரல் தேய்ந்தவனுக்கும் சேர வேண்டும். சொந்தப் பெயரில் வேலை பார்ப்பது, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, தொழிலால் வரும் மூட்டுவலிக்கு நிர்வாகச் செலவில் சிகிச்சை, கற்ற கைக்குச் சான்றிதழும் அதற்கேற்ற கூலியும். இவை கிடைத்தால் யாரும் பத்து வருஷத்தைப் புனைய வேண்டியதில்லை.

முகமதுவை இன்று கொண்டாடுகிறார்கள். 2005-இல் அவருடைய காபி ஹவுஸ் இருந்த தெருவில் பலகை வைத்தார்கள். 2019-இல் கூகுள் தன் முகப்பில் படம் போட்டது. வெற்றிபெற்ற குடியேறி, முதல் நூலாசிரியர், முதல் முதலாளி என்கிற சொல்லாடலுக்குள் அவர் சௌகரியமாகப் பொருந்திவிட்டார். கூடாரத்துத் துணிக்குள் நுழைந்த கைகளைப் பற்றி அந்தப் பலகைகள் பேசாது. அதைப் பேச வேண்டியது நம் வேலை. ஏனென்றால் தொடுகையை இழிவென்று ஒதுக்கி, அதே தொடுகையை வீட்டுத் திண்ணையில் ஏவி வாங்கிய சமூகம் நம்முடையது. ஹாட்ரியன் பரிகாசமாகச் சொன்ன அந்த 'ஒருவருக்கொருவர்' ஒரு நாள் பரிகாசமாக ஒலிக்காமல் போக வேண்டுமானால், முதலில் தேய்க்கும் கையின் வரலாற்றை எழுதத் தொடங்க வேண்டும்.