மண்டபத்தில் குடியிருந்தவர்கள்

துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில், ஹம்பி விருபாட்சர் கோவிலின் கீழைக் கோபுரத்திலிருந்து நேர் கிழக்காகத் தேர்வீதி ஒன்று செல்கிறது. நீளம் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர். இருமருங்கிலும் கல் தூண் மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன; சில இரண்டு தளம் உடையவை. மதுரையும் தஞ்சையும் எந்நகரின் ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்தனவோ, அந்த விஜயநகரத்தின் கடைவீதிகளுள் இதுவும் ஒன்று. 1520-ஆம் ஆண்டளவில் அங்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், அந்நகரத்துத் தெருக்களில் வைரமும் மாணிக்கமும் முத்தும் துணிவகைகளும் விலைபோனதை வியந்து எழுதிவைத்தார்.

1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகர் பாழாயிற்று. ஆனால் ஊர் முற்றிலும் அழியவில்லை. விருபாட்சர் கோவிலில் வழிபாடு நின்றதில்லை. வழிபாடு உள்ள இடத்தில் பூக்காரர் இருப்பர். பூக்காரர் இருந்தால் அவர் தலைசாய்க்க ஒரு கூரையும் வேண்டும். காலப்போக்கில் அந்த மண்டபங்களில் மக்கள் குடியேறினர். தூண்களுக்கிடையே சுவர் எழுப்பினர், கதவு வைத்தனர், பின்னாளில் சிமெண்டும் பூசினர். வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியதும் தேநீர்க் கடை, உணவகம், தங்கும் அறை எனப் பெருகிற்று.

1986-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-இல் அது ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலுக்குச் சென்றது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுவந்த பாலங்கள் அதற்கு முக்கியக் காரணம். எதிர்க்கரையிலுள்ள ஆனெகுந்தி மக்களோ பயஸ் காலத்தைப் போலவே கூடை போன்ற பரிசலில்தான் ஆறு கடந்துகொண்டிருந்தனர். நோயாளியைப் பரிசலில் ஏற்றிச் செல்பவனிடம் போய், உன் பாலம் காட்சியைக் கெடுக்கிறது என்று எவர் சொல்வது? 2006-இல் ஹம்பி அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனெகுந்திப் பாலமோ 2009 ஜனவரியில், கட்டுமானம் முடியுமுன்பே இடிந்து விழுந்து தொழிலாளர் உயிரைப் பறித்தது.

இங்கே ஓர் ஆண்டை நாம் குறித்துக்கொள்வது நல்லது. 2007-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, தன் குறிக்கோள்களுள் ஐந்தாவதாக ‘மக்கள் சமூகங்கள்’ என்பதைச் சேர்த்துக்கொண்டது. சின்னத்தைச் சூழ வாழ்வோர் அதன் காவலில் பங்காளிகள் என்பது கருத்து. இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2011 ஜூலை இறுதியில், உயர் நீதிமன்ற உத்தரவின் தொடர்ச்சியாக, மாவட்ட நிர்வாகம் இயந்திரங்களோடு தேர்வீதிக்கு வந்தது. மண்டபங்களில் எழுப்பியிருந்த வீடுகளும் கடைகளும் மிகக் குறுகிய அவகாசத்தில் இடிக்கப்பட்டன. சுமார் முந்நூறு குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சில கிலோமீட்டர் தள்ளி, கட்டிராம்புரத்தில் அவர்களுக்கு மனை ஒதுக்கப்பட்டது. கோவிலுக்கு வருவோரை நம்பிப் பிழைத்தவர்க்கு அத்தொலைவு சிறிதன்று.

குடியிருந்தோர் மீது பிழையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. கல் தூணில் ஆணி அடித்தோரும் உண்டு. வாடகைக்கு அறை கட்டி ஆதாயம் கண்டோரும் உண்டு. பழைய ஆலயத்திற்குப் புதுக் கூரை போட முயன்ற எந்தப் பங்குத்தந்தையும் இத்தகைய சிக்கலை அறிவார்: மக்களுக்கு மழையில் நனையாத இடம் வேண்டும், தொல்லியல் அறிஞருக்குப் பழைய ஓடு வேண்டும். இரண்டும் நியாயமே. ஆனால் கூரையைச் சீர்செய்வதற்காகச் சபையையே வெளியேற்றுவோர் இலர். ஒரு கடைவீதியைக் காப்பாற்ற அங்கிருந்த கடைக்காரரை அகற்றுவது அதைவிட எவ்வகையில் அறிவுடைமை? எஞ்சியது தூண்வரிசை. தலைநகரின் அரண்மனையடியில் அத்தகைய தூண்களும் அடித்தளங்களும் ஏராளம் உள்ளன. ஆள் புழங்கிய கடைவீதிதான் அரிது.

இதே நிலப்பரப்பில் மற்றொரு பாரம்பரியம் உண்டு. பயணிகள் அதைக் காணாமலே கடந்து செல்கின்றனர். விஜயநகர மன்னர் ஆற்றில் அணைக்கட்டுகள் அமைத்துக் கால்வாய்கள் வெட்டினர். அவற்றுள் துர்த்துக் கால்வாய் இன்றும் கோவில் பகுதிக்கும் அரண்மனைப் பகுதிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் ஓடி, நெல்லுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் நீர் தருகிறது. 1953-இல் துங்கபத்திரை அணை எழுந்த பின்னும் இக்கால்வாய்ப் பாசனம் அழியவில்லை. அரண்மனைகள் இடிந்தன, கால்வாய்கள் பிழைத்தன. ஏன்? உழவனுக்கு அவற்றின் தேவை ஓர் ஆண்டும் ஓயவில்லை. நீர் வரவேண்டுமாயின் வண்டல் அகற்றியே ஆகவேண்டும். கரை உடைந்தால் அடைத்தே ஆகவேண்டும். தில்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியைச் சேர்ந்த பேராசிரியர் நளினி தாக்கூர் தலைமையில் ஹம்பிக்கென வகுக்கப்பட்ட ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம், வயல்களும் ஊர்களும் உட்பட்ட முழு நிலப்பரப்பையும் பாரம்பரியமாகவே நோக்கியது. அந்நோக்கு ஆவணத்தில் நின்றுவிட்டது என்பதே நமது குறை.

ஆற்றின் வடகரையிலும் விஜயநகரக் கால்வாய்கள் உண்டு. ஆனெகுந்தியைச் சுற்றி வாழைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அறுவடைக்குப் பின் வாழைத்தண்டை வெட்டிப் போடுவது வழக்கம். 1997-இல் அவ்வூரில் தொடங்கப்பட்ட கிஷ்கிந்தா அறக்கட்டளை, அத்தண்டிலிருந்து நார் எடுத்துப் பொருள்கள் முடையும் தொழிலில் உள்ளூர்ப் பெண்களைப் பழக்கியது. மன்னர் வெட்டிய வாய்க்காலின் நீரில் வளர்ந்த வாழையின் நார், அவர்கள் கையில் பையாகவும் கூடையாகவும் மாறி, ஹம்பி காண வருவோரிடம் விலைபோகிறது.