எரர் கோட் இல்லாத கோளாறு

இன்ஜின் குலுங்குகிறது. ஸ்கேனரை மாட்டினால் எரர் கோட் எதுவும் இல்லை. உடனே "வண்டியில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவதும், குத்துமதிப்பாகப் பார்ட்ஸ் மாற்றிப் பணத்தைக் கரைப்பதும் நடக்கிறது. அந்தக் கோட் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இரண்டுமே தப்பு என்று புரியும்.

லாஸ் ஏஞ்சலீஸை மூடிய புகைமூட்டத்துக்குக் கார் புகையே முக்கியக் காரணம் என்று 1950களில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான், கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டை 1988 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியா கட்டாயமாக்கியது. 1996-ல் அமெரிக்கா முழுவதும் ஓ.பி.டி-2 வந்தது. நோக்கம் புகையைக் குறைப்பது, ஓட்டுபவரின் சௌகரியம் அல்ல! சில மிஸ்ஃபயர்கள் அளவைத் தாண்டாமலே தப்பிவிடும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்து வண்டி நடுங்கினால் கம்ப்யூட்டருக்கு அது கணக்கிலேயே கிடையாது.

அதற்கு முன்பு மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? ஓடும் இன்ஜினில் ப்ளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. (ஷாக் அடித்தது தனிக்கதை.) அடுத்தது வேக்குவம் கேஜ். கடல் மட்டத்தில், ஐடிலில், நல்ல இன்ஜினுக்கு முள் 17 முதல் 22 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். தாழ்ந்தே நின்றால் எங்கோ காற்று உள்ளே கசிகிறதா என்று பார்ப்பார்கள். கழற்றிய ப்ளக்கில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது.

இப்போதைய கார்கள் பலவற்றில் கழற்ற வயரே இல்லை, ப்ளக் மேலேயே காயில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல ஸ்கேனர்கள் சிலவற்றில் இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதி உண்டு. வயர் கழற்றிய அதே பழைய சோதனைதான், ஷாக் மட்டும் இல்லை.