பதினோராம் எண் கூண்டு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும்போதெல்லாம், துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வருகிறது. அமராவதிக் கரையில், தாராபுரத்தில் வாழும் நமக்கு அது மழைக்கான அறிகுறி மட்டுமே. கணவனையோ மகனையோ கடலுக்கு அனுப்பியிருக்கும் வீட்டாருக்கோ அது உயிர் பற்றிய செய்தி.

அக்கூண்டுகளின் எண்கள் 1 முதல் 11 வரை உள்ளன. பத்து வரை ஆபத்து படிப்படியாகக் கூடுகிறது. ஆனால் பதினொன்று எல்லாவற்றிலும் பெரிய புயலைக் குறிப்பதன்று. வானிலை மையத்துடனான தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். எச்சரிப்பவரின் குரல் நின்றுபோவதை ஆபத்துகளின் வரிசையில் கடைசியாக வைத்தவர்கள் கடலை நன்கு அறிந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கடுத்த ஆண்டில் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. தந்தி வழியே வந்த செய்தி பகலில் கூண்டாகவும் இரவில் விளக்காகவும் கொடிமரத்தில் ஏறியது. எனினும் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவுதான் அதன் எல்லை. அதைக் கடந்துபோன படகுக்கு வானொலி வரும்வரை வழியில்லை. பின்னாளில் அகில இந்திய வானொலி மீனவர்களுக்கான எச்சரிக்கையை வாசித்தபோது, படகிலிருந்த சிறு டிரான்சிஸ்டரே கூண்டாயிற்று.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலையில் அழிந்தது. பாம்பன் பாலம் சிதைந்து, தீவு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது. பதினோராம் எண் சொல்லும் நிலைக்கு மிக அருகே அன்று தமிழகம் நின்றது.

"விதிப்படி நடக்கும், எச்சரிக்கை எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மேகத்தையோ காற்றையோ கண்டால் அவர்களின் முகத்தில் கவலை தெரியும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே. பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எந்தக் காற்றில் எப்போது பாய் விரிக்கலாம் என்பதை நூலாக எழுதிவைத்தார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர் காற்றின் காலம் பார்த்துத்தான் புறப்பட்டார்கள். அதை ஈமானின் குறைவாக எவரும் எண்ணியதில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. 30ஆம் தேதி காலையில் குமரிக் கடற்பகுதியில் புயலாக வலுப்பெற்றது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு முந்தைய நாளே வந்திருந்தது. ஆனால் குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்கள் அதற்கு வெகுநாள் முன்பே புறப்பட்டுவிட்டார்கள். கைப்பேசி அலை கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே முடிகிறது. படகின் விஎச்எஃப் கருவி சில பத்துக் கிலோமீட்டர் எட்டும். அவர்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். தமிழகம், கேரளம் இரண்டிலும் இறந்தோரும் காணாமற்போனோரும் இருநூறைத் தாண்டினர். உடல் கிடைக்காத வீடுகளின் துயரத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. எச்சரிக்கை கரைக்குச் சேர்ந்தது, கடலுக்குச் சேரவில்லை என்பதே எம் கணிப்பு.

பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவர்களின் பேச்சிலேயே காற்றின் நிலையைச் சொல்லி வருகிறது. அதன் எல்லை சிறிது. ஆனால் அறிந்த குரலை மீனவர் நம்புகிறார். தொலைவுக்கென, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவியை வெளியிட்டது. செயற்கைக்கோள் வழியே வரும் புயல் செய்தியை அது வாங்கி மீனவரின் கைப்பேசிக்குத் தருகிறது. கரையின் சொல்லைப் படகு கேட்கலாம். "எங்களைக் காற்று சூழ்ந்துவிட்டது" என்று அதன்வழி மறுமொழி சொல்ல இயலாது. அதற்கு வேறு கருவி தேவைப்பட்டது. இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தும் பணி அதன் பின்னரே தொடங்கியது.