2016 கராதா குண்டுவெடிப்பு

2016 கராதா குண்டுவெடிப்பு என்பது ஈராக்கின் தலைநகர் பக்தாத்தில் உள்ள கராதா கடைத்தெருவில் 2016 சூலை 3 அன்று நள்ளிரவுக்குப் பின் நடத்தப்பட்ட தற்கொலைத் தாக்குதல் ஆகும். இதில் 300-இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தாக்குதல்

ரமலான் மாதத்தின் இறுதி நாட்கள் என்பதால், நோன்பு திறந்தபின் பெருநாள் துணிமணி வாங்க வந்தவர்களால் தெரு நிரம்பியிருந்தது. அப்போது வெடிபொருள் ஏற்றிய குளிர்பதன வண்டி வெடிக்கச் செய்யப்பட்டது. அருகிலிருந்த வணிக வளாகத்தில் பரவிய தீயில் சிக்கிப் பலர் இறந்தனர். பல உடல்களை மரபணுச் சோதனை மூலமே அடையாளம் காண முடிந்தது. ஒரு வாரத்திற்கு முன் பலூஜா நகரை அரசுப் படைகளிடம் இழந்திருந்த இசுலாமிய அரசு அமைப்பு இதற்குப் பொறுப்பேற்றது. சியா முசுலிம்களைக் குறிவைத்ததாகவும் அது அறிவித்தது.

பின்விளைவுகள்

அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. நிகழ்விடத்திற்கு வந்த பிரதமர் ஐதர் அல்-அபாதியின் வாகனங்கள் மீது மக்கள் கல்லெறிந்தனர். சோதனைச் சாவடிகளில் பயன்பட்ட ஏடிஇ 651 என்ற வெடிபொருள் கண்டறியும் கருவி போலியானது. அதை விற்ற பிரித்தானிய வணிகருக்கு 2013-இலேயே 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தும், கருவிகள் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தன. இத்தாக்குதலுக்குப் பின்னரே அவற்றைத் திரும்பப் பெறப் பிரதமர் உத்தரவிட்டார். உள்துறை அமைச்சர் முகமது கப்பான் பதவி விலகினார்.