முரசு முதல் அரசிதழ் வரை

மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரில் இந்திர விழா நிகழவிருப்பதை, யானையின் பிடரியில் முரசேற்றி ஊரறியச் சொல்கிறான் அறிவிப்போன். கடற்கரை நகரொன்றில் நிகழும் காப்பியம் ஓர் அறிவிப்புடன் தொடங்குவது, சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கவிதை ஒருவரைச் சென்று சேராவிடில் அவர் இழப்பது ஒரு கவிதையை. கரை நிலத்தைக் குறித்த அறிவிப்பு சென்று சேராவிடில் அவர் இழப்பது வாழிடத்தை.

சோழர் காலத்தில் நிலம் கைமாறியதை ஊர் எவ்வாறு அறிந்தது என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேடு நல்ல சான்று. முதலாம் இராசராசன் ஆட்சியில், 1006ஆம் ஆண்டையொட்டி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் அளிக்கப்பட்டது. நாட்டார் உடன் நிற்க, பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு வரம்பு காட்டினர். எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டு அறியும் அறிவிப்பு அது. ஆயினும் ஒரு குறை உண்டு. யானை நடந்து காட்டியது முடிந்துவிட்ட முடிவை. எவரையும் அது கருத்துக் கேட்கவில்லை.

கேட்கும் கடமை மெல்லவே சட்டத்தில் நுழைந்தது. 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம், அரசு ஒரு நிலத்தை எடுக்கக் கருதினால் அதனை அரசிதழில் வெளியிடவும், அதன் சாரத்தை அவ்வூர்ப் பொது இடங்களில் தெரிவிக்கவும் பணித்தது. ஆட்சேபம் சொல்லும் உரிமை 1923இல் சேர்ந்தது. தவணை 30 நாள். இரு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்றேனும் வட்டார மொழியில், வெளியிட வேண்டும் என்ற விதியோ 1984இல்தான் வந்தது. நிலத்தை இழப்பவன் படிக்கும் நாளிதழ் சட்டத்தின் கண்ணில் பட 90 ஆண்டுகள் ஆயின.

ஆட்சேபிக்கத் தக்கவர் யார்? இழப்பீட்டில் உரிமை கோரத்தக்கவர். கரைவாழ் மக்களின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், கடலின் தரையும், ஓதம் ஏறும் உயர்மட்டத்திற்குக் கீழ்ப்பட்ட கழிகளின் தரையும், ஆறு ஏரிகளின் படுகையும், பிறர் உடைமை என நிறுவப்பட்டாலன்றி அரசின் சொத்தே என்றது. பிறர் நிலத்தை எடுக்க அரசுக்கு ஆர்ஜிதம் வேண்டும். தன் புறம்போக்கைத் தானே எடுத்துக் கொடுக்க அது தேவையில்லை. வெளியேற்றுமுன் அறிவிப்புத் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுவது உண்மை. ஆனால் அது ஆக்கிரமித்தவர் என்ற பெயரில் வரும் அறிவிப்பு. காலங்காலமாக மணலில் வலை உலர்த்தியும் கருவாடு காயவைத்தும் வாழ்ந்தோர் அந்த மணலுக்கு உரிமையாளரும் அல்லர். அதை வளைத்துக்கொண்டவரும் அல்லர். ஆகவே எந்த அறிவிப்பின் முகவரியிலும் அவர்கள் இல்லை.

1990 டிசம்பர் 15இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திற்கான வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்ட மைய அரசு, 1991 பிப்ரவரி 19இல் இறுதி ஆணையைப் பிறப்பித்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வந்தது. மரபுரிமை, வழக்கப் பயன்பாடு என்ற சொற்களும் மீனவர் குடியிருப்புகளைச் சுட்டி அதில் இடம்பெற்றன. சுற்றுச்சூழல் அனுமதி கோரும் பெருந்திட்டங்களுக்கு 1997இல் பொது விசாரணை கட்டாயமாயிற்று. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. துறைமுகம் கட்ட விண்ணப்பிப்போரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. நாளிதழ் எட்டாத இடங்களில் பறையறைந்து தெரிவிக்கலாம் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது! 2013ஆம் ஆண்டின் புதிய நிலம் எடுப்புச் சட்டமோ, நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவரையும் படகோட்டிகளையும் பாதிக்கப்படும் குடும்பங்களாகவே கணக்கிட்டது. முகவரியற்றிருந்தோருக்குச் சட்டம் ஒரு பெயர் தந்தது எனலாம்.

எனினும் மொழியின் சிக்கல் தீரவில்லை. 2006 விதிப்படி மாநில மொழியில் தரப்பட வேண்டியது திட்ட அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. 2020இல் வெளிவந்த புதிய வரைவு, பொது விசாரணைக்கான 30 நாளை 20 ஆகக் குறைக்க முனைந்தது. அந்த வரைவையே எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று 2020 ஜூன் 30இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மைய அரசு அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. தன் கரையைப் பற்றித் தன் மொழியில் படிப்பதற்கே வழக்காட வேண்டியிருந்தது என்பது வரலாற்றில் பதியத்தக்கது.

பறையைப் பற்றியும் ஒரு சொல். அது எல்லோர் செவியையும் எட்டியது. ஆனால் அதனை அறைய வேண்டிய கடமை சாதியின் பெயரால் சிலர்மேல் சுமத்தப்பட்டிருந்தது. தண்டோராவுக்குத் தமிழக அரசு 2022இல் தடை விதித்து, ஒலிபெருக்கியைப் பயன்படுத்தச் சொன்னது சரியே. விடுபட வேண்டியது அந்த இழிவுதான். ஊரில் ஒருவர் செவியும் விடுபடாமல் சென்ற அந்தக் குரலின் வீச்சு அன்று.

கரைநில அறிவிப்பு அளவை எண்ணால் பேசுகிறது. கரையில் வாழ்வோரோ தம் மணலை அங்குள்ள கோயிலாலும் முகத்துவாரத்தாலும், வலை உலரும் மேட்டாலும் அறிவர். எண்ணைப் படித்தவர் தம் இடத்தை அடையாளம் காணுமுன் 30 நாள் கழிந்துவிடும். நெய்தலைப் பாடிய மொழியில், எண்ணுக்கருகே அந்த ஊர்ப் பெயர்களும் எழுதப்பட வேண்டும். நம் வட்டத்தார் தம் ஊர்க் கரைகளின் அப்பெயர்களை இப்போதே கேட்டுத் தொகுக்கத் தொடங்கலாம். அடுத்த ஆட்சேப மனுவில் அவை பயன்படும்.