வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டம்

1967 ஜனவரி 27. கேப் கென்னடியின் 34ஆம் ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தபோது அப்பல்லோ கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸ்ஸம், ஒயிட், சாஃபி மூவரும் இறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தூய ஆக்சிஜன், உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்று காரணங்கள் பல. எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கலம் கேப்புக்கு வந்து இறங்கியபோதே 113 மாற்றங்கள் பாக்கி. வந்த பிறகு மேலும் 623. இத்தனை கை பட்ட கலத்தில் எது எங்கே இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

ஏப்ரலில் கலப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர் ஜார்ஜ் லோ. அதுவரை ஹூஸ்டன் மையத்தின் துணை இயக்குநர். பதவியைப் பார்த்தால் இது ஒரு படி இறக்கம்தான். ஜூனில் ஓர் ஏற்பாடு செய்தார். இனி எந்த மாற்றமானாலும் வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். வடிவமைப்புக்கு மேக்ஸ் ஃபாஜெட், பயணக் கட்டுப்பாட்டுக்கு கிறிஸ் கிராஃப்ட், விண்வெளி வீரர்கள் சார்பில் டீக் ஸ்லேட்டன், கூடவே கலம் கட்டும் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள். சண்டை போடலாம், வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசி முடித்ததும் முடிவு லோவுடையது. புதிய கதவும் அங்கே வந்தது, வீரர்களின் பால்பாயிண்ட் பேனாவுக்கான பிளாஸ்டிக் துண்டும் வந்தது. பேனாவுக்கெல்லாம் இத்தனை பெரிய தலைகளா என்று தோன்றும். சின்னது என்று விட்டதெல்லாம் சேர்ந்துதானே அந்த 623?

1969 ஜூலைக்குள் 90 கூட்டங்கள், 1,697 மாற்றங்கள். 1,341 தேறின, 356 தள்ளுபடி. கதவு இப்போது வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறந்தது.

ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே நழுவிப்போன மாற்றம் ஒன்று இருந்தது. ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டர் 28 வோல்ட்டுக்குத் திட்டமிடப்பட்டது. 1965இல் 65 வோல்ட்டுக்கும் தாங்க வேண்டும் என்றார்கள். ஹீட்டர் மாறியது. சூடு மிஞ்சினால் அதை அணைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் சுவிட்ச் மாறவில்லை. ஒப்பந்தக்காரரும் கவனிக்கவில்லை, நாசாவும் கவனிக்கவில்லை.

1970 மார்ச்சில் அப்பல்லோ 13இன் தொட்டி ஒன்று காலியாக மறுத்தது. எட்டு மணி நேரம் ஹீட்டரைப் போட்டு ஆக்சிஜனை ஆவியாக்கினார்கள். சுவிட்ச் உருகி ஒட்டிக்கொள்ள, உள்ளே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கம்பிகளின் டெஃப்ளான் உறை கருகியது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அவர்கள் முன்னால் இருந்த மீட்டர் 27 டிகிரிக்கு மேல் காட்டாது.

(தொடரும்)