விசைப்பலகையில் எழுத்திலக்கணம்

உள்ளீட்டு விசைகள் எழுத்தின் உருவைத் தழுவுதல் வேண்டுமா, ஒலியைத் தழுவுதல் வேண்டுமா என்பதே ஈண்டு யாம் ஆராயும் வினா. பழைய தட்டச்சுப்பொறி உருவைத் தழுவியது. ஆதலின் 'தேனி' என்பதற்குக் கொம்பு முன்னும் தகரம் பின்னுமாக அடிக்கப்பெற்றன. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையோ ஒலியைத் தழுவியது. 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகளே 247 எழுத்துகளையும் தருகின்றன. ஆய்த விசையே புள்ளியும் இடும்.

தேனியை அடுத்த வீரபாண்டியின் பெயரை வ, ஈ, ர, ப, ஆ, ண, ட, இ என்னும் எட்டு விசைகளால் எழுதலாம். இனமாகிய டகரம் தொடர்தலின் ணகரம் தானே புள்ளி பெறும். புள்ளி வேண்டாவிடத்து இடையே அகர விசை அதனைத் தடுக்கும். பெருவழக்கை எளிதாக்கி, அருவழக்கிற்கும் வழிவிட்ட இவ்வமைப்பிற்கு மெய்ம்மயக்க இலக்கணமே அடிப்படை என்பது எம் துணிபு.